பெஞ்சின் அந்த முனை

எதிர் வீட்டில் இன்று சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த ஈர வாசனை வந்ததும், மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அப்போது இருந்த, இப்போது கடைகளாகிவிட்ட எங்கள் சின்ன மெத்தடிஸ்ட் கோயில் ஞாபகம் வந்தது. வருஷத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனைக்காக அதற்கு வெள்ளையடிப்பார்கள். சுவரில் சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளையாகும். அன்று மனஸ்தாபம் உள்ளவர்கள் கைகொடுத்துச் சமாதானமான பிறகுதான் எழுந்து நின்று, ஆண்டவருக்குத் தங்களை மறுபடி ஒப்புக்கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் எழாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுந்திருங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் அம்மா.

"மனசுல கசப்ப வெச்சுகிட்டு எப்படி நிக்கறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம், சும்மா இரு," என்றார் அப்பா.

அந்த மழைக்காலத்தில் சித்தப்பா காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த ஜனவரியில் அப்பா, சித்தப்பா உட்காரும் முனையில் போய் நின்றார். சபையார் எல்லோரும் வாக்குக் கொடுத்தபோது அவர் மட்டும் வாக்குச் சொல்லாமல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாளை உடன்படிக்கை ஞாயிறு. சொத்துப் பாகப் பிரிவினை ஆனதிலிருந்து என்னோடு பேசாத, ஹெப்பாளில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அக்கா பேசறேன்ப்பா. நாளைக்கு நான் இப்போ போற கோயிலுக்கு வா. என் பக்கத்துல இடம் வெச்சிருக்கேன்."

அவன் போனை வைக்கவில்லை.