பக்கத்து வீட்டுக் கால்தடம்

குற்றம் நடந்த இடத்தை எப்படிப் பாதுகாப்பது என்று காவலர்களுக்கு வகுப்பெடுத்தே எனக்கு நரை விழுந்தது. கயிறு கட்டு. உள்ளே போக ஒரே வழி வை. யார் போனார்கள் என்று எழுது. எதையும் தொடாதே, தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் படம் எடு. இவ்வளவுதான் பாடம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். புரியாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன்.

இப்போது இருப்பது திருப்போரூரைத் தாண்டிக் கடலோரமாகப் போடப்பட்ட ஒரு மனைப்பிரிவில். பக்கத்து வீட்டுக்காரர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளர். கதிர்வீச்சுப் பகுதிக்குள் நுழைய ஒரு தடுப்பு உண்டாம். அங்கே செருப்பை மாற்றாமல் ஒரு காலைக்கூட எடுத்து வைக்க முடியாதாம். அந்தப் பக்கத்துத் தூசி இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதாம். இதை மாலை நடையில் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார்.

ஒரு மழைக்காலத்தில், மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவர்கள் காலையில் திரும்பியபோது, பின்கதவு நெம்பித் திறக்கப்பட்டிருந்தது. பீரோவில் இருந்த நகை இல்லை. வீட்டம்மாள் போட்ட சத்தத்தில் நான் போனேன், வாசல் வழியாக அல்ல, சுற்றுச்சுவரை ஒட்டிப் பின்பக்கமாக. துவைக்கும் கல்லுக்கும் கதவுக்கும் நடுவே ஈர மணலில் ஒரு வெறுங்கால் தடம். பெரிய கால், ஆணின் கால், விரல்கள் கதவைப் பார்த்தபடி. துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப்பை அதன்மேல் கவிழ்த்து, "போலீஸ் வர்ற வரைக்கும் யாரும் எடுக்காதீங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அறிவாளியைப் போலத் தலையாட்டினார்.

அதற்குள் முன்பக்கம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நம் மக்களுக்குச் சாவையும் விசாரிக்க வேண்டும், திருட்டையும் விசாரிக்க வேண்டும். சாவு வீட்டிலாவது பிணத்தைத் தொடாமல் கும்பிட்டுவிட்டு நகர்வார்கள். இங்கே வந்தவர் ஒவ்வொருவரும் பீரோவின் பிடியைப் பிடித்துத் திறந்து, உள்ளே பார்த்து, உச்சுக்கொட்டி, மூடினார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு படி மேலே போய் லாக்கருக்குள் கையை விட்டுத் துழாவினார். "ஒண்ணுமே இல்லையே சார்!" அதைத்தானே ஐயா அவர்களும் சொல்கிறார்கள்?

வீட்டம்மாள் வேறொரு வேலையில் இருந்தார். திருடன் கால் வைத்த வீடு தீட்டு என்று மஞ்சள் தண்ணீர் தெளித்து, அப்போதுதான் வந்த வேலைக்காரப் பெண்ணிடம் தரை முழுவதையும் துடைக்கச் சொன்னார். அவளும் துடைத்தாள்.

உதவி ஆய்வாளர் வந்தார். தொப்பியைக் கழற்றி பீரோவுக்கு மேல் வைத்தார், கட்டிலில் உட்கார்ந்தார், காபி குடித்தார். நெம்பிய கதவை இன்னும் பார்க்கவில்லை.

"யார் மேலம்மா சந்தேகம்?"

"இவ மேலதான். பீரோ சாவி இருக்கிற இடம் இவளுக்குத்தான் தெரியும். வந்ததும் வராததுமா வீட்டைத் தொடச்சா பாருங்க!"

"இன்னாம்மா இது அநியாயமா கீது! நீதானம்மா தொடைக்கச் சொன்ன?"

"ஏய், கத்தாத. ஸ்டேஷனுக்கு வா, பேசிக்கலாம்" என்றார் உதவி ஆய்வாளர், தெருவுக்கே கேட்கும்படி.

நான் குறுக்கிட்டேன். பெண்ணைச் சட்டப்படி அவள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், பின்னால் ஓர் ஆணின் கால்தடம் இருக்கிறது, இவள் காலை அதன் பக்கத்தில் வைத்து அளந்தாலே போதும் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் ரிட்டயர்டா?"

"ஆமாம்."

"அதான்."

இருந்தாலும் தடயவியல் ஆட்களை வரவழைத்தார்; அவர்கள் செங்கல்பட்டிலிருந்து வரும்வரை அவளை வாசலில் உட்கார வைத்தார். விசாரிக்க வந்தவர்கள் பீரோவைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் அவளையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் டப்புக்குக் காவல் இருக்கலாம் என்று பின்பக்கம் போனேன். டப் ஏற்கெனவே ஓரமாகக் கிடந்தது. பொறியாளர் தன் வலது காலைத் தடத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாருங்க சார், என் காலைவிடப் பெரிசு!" குதிகாலை ஒட்டி வைத்தால் முன்னால் எவ்வளவு மிச்சம், விரலை ஒட்டி வைத்தால் பின்னால் எவ்வளவு மிச்சம் என்று இரண்டு விதமாகவும் அழுத்திக் காட்டினார். மணல் சரிந்து, திருடனின் கால் போய், அரசு ஊழியரின் கால் மிஞ்சியது. அலுவலகத் தடுப்பில் செருப்பு மாற்றும் அதே கால்.

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அசிங்கம்." டப்பைப் பழையபடி கவிழ்த்தார். பூனைகூட இப்படித்தான் மண்ணைத் தள்ளி மூடும்.

"நீங்க சொல்லலைன்னா அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"விசாரிச்சிட்டு விட்டுடுவாங்க சார்."

எப்படி விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வாதாடவில்லை. முறைப்படி நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் தடயவியல் அதிகாரி வந்தார், ஓர் இளம்பெண். பீரோவில் கறுப்புப் பொடி தூவினார். மனைப்பிரிவின் கைகள் மொத்தமும் தெரிந்தன. பின்பக்கத் தடத்தில் பாரிஸ் சாந்து ஊற்றி வார்ப்பு எடுத்தார். பிறகு வழக்கப்படி வீட்டில் உள்ளவர்களின் கால்களைப் பதிய வைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது உங்க கால் சார்."

உதவி ஆய்வாளரின் முகத்தில் அன்று முதல்முறையாக ஓர் ஆர்வம் தெரிந்தது. "உங்க வீட்டுக்குள்ள நீங்களே எதுக்கு சார் செருப்பில்லாம பின்பக்கமா வந்தீங்க? நகை இன்ஷூர் பண்ணிருக்கீங்களா?"

பொறியாளர் தன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

"சார், அங்க வேற கால் இருந்தது. நான்தான் அதுமேல வெச்சுப் பார்த்தேன். ஆம்பளைக் கால் சார், என் காலைவிடப் பெரிசு. அந்தப் பொண்ணு கால் அதுல பாதிகூட வராது!"

அதிகாரி அதை அப்படியே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். என் வகுப்புகள் எதிலும் இந்த முறை கிடையாது: தடயத்தை அழித்தவரைப் பயமுறுத்தி, அவரையே தடயமாக்கிக்கொள்வது.

உதவி ஆய்வாளர் வாசலுக்கு வந்து, "நீ வூட்டுக்குப் போம்மா" என்றார் தணிந்த குரலில்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், ஸ்டேஷனுக்கு வான்னு தெருவே கேக்கற மாதிரி கூவுன. இப்ப காதுல ஓதற?"

அவர் என்னைப் பார்த்தார், இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்பது போல. இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய் எடுத்து வந்திருப்பேன்.

கேட்டுக்கு வெளியே செயலாளரும் மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். உதவி ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முணுமுணுத்தார்.

"அவங்களுக்குக் கேக்கல சார்" என்றாள்.

இரண்டாம் முறை சத்தமாகவே சொன்னார்.