கிணற்றடி வல்லாரை

வன்னியில் வற்றாப்பளைக்குக் கிட்டவுள்ள ஒரு கிராமத்து வாய்க்கால் கரையில் முதன்முதலாக நான் பிடுங்கிய வல்லாரையில் இலையைவிடச் சேறும் வேரும்தான் அதிகம். இலை கேட்டிருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு ரீச்சர் அதைச் சிரிக்காமல் வாங்கினார். இலைகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வேர்களைத் தன் கிணற்றடியில் ஊன்றினார். ஒரு மாதத்துக்குள் குளித்த தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் சின்னச் சின்ன வட்ட இலைகள் படர்ந்துவிட்டன.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது; சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்தோம். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட, நான் போவதற்குள் பாதை மூடிவிட்டது. ஒரு கடிதம் வர மூன்று மாதம் ஆகும். கணக்கு ரீச்சரும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்தான். ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம், அடுத்தடுத்த கொட்டில்களில் இருந்தோம். அவருக்குக் கலியாணமாகவில்லை. தாயும் தம்பியும் கூட வந்தார்கள். வந்த இரண்டாம் மாதமே தம்பி மலேரியாவில் இறந்துபோனான். அதன் பிறகு தாயின் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. மகன் செத்ததையும் மறந்துவிட்டார். “தம்பி எங்க?” என்று பின்னேரங்களில் கேட்பார். “வவுனியாவுக்குப் போட்டான், வருவான்” என்று ரீச்சர் சொல்லுவார்.

மருந்து கிடைக்காத காலம். ஞாபகத்துக்கு வல்லாரை நல்லது என்று யாரோ சொன்னதை ரீச்சர் பிடித்துக்கொண்டார். காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுத் தேசிக்காய் பிழிந்த சம்பல். அதில் ஒரு பங்கு எனக்கும் வரும். அந்நாட்களில் இன்னொருவர் கையால் நான் சாப்பிட்டது அது மட்டும்தான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தாய் கையை நிறுத்திவிட்டு ரீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு. ரீச்சரின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். அடுத்து தாய் கேட்டார்:

“தம்பியை எங்க வைச்சு எரிச்சனீங்கள்?”

மூன்று நாள் தாய் சாப்பிடவுமில்லை, படுக்கவுமில்லை. நாலாம் நாள் எல்லாம் மறந்துபோய்க் கஞ்சி கேட்டார். அன்று பின்னேரம் ரீச்சர் கிணற்றடியில் குந்தியிருந்து வல்லாரையை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“இலையாலதான் ஞாபகம் வந்ததெண்டு இல்லை, ரீச்சர்.”

“தெரியும் சேர். ஆனா இனி என்ர கையால குடுக்கமாட்டன்.”

அதற்குப் பிறகு தாய் தெளியவே இல்லை. என்னைக் கண்டால், “தம்பி, சாப்பிட்டியோ?” என்பார். “ஓம் அம்மா” என்பேன். ஒருநாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, அடுப்படியில் நின்ற ரீச்சரைக் காட்டி மெல்லக் கேட்டார்: “ஆர் இந்தப் பிள்ளை? ஒவ்வொரு நாளும் வந்து சமைச்சுத் தருகுது. அதுக்கு வீடு வாசல் இல்லையோ?” ரீச்சருக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் தாய் இறந்தார். அடுத்த இடப்பெயர்வில் நாங்கள் வேறு வேறு திசையில் போனோம்.

இப்போது யாழ்ப்பாணத்தில் மனைவியோடும் மகளோடும் இருக்கிறேன். வீட்டில் நாளுக்குப் பத்துத் தடவை யாராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். சில வேளை அந்தக் கொட்டிலை நினைப்பேன். தாய் போன பிறகு ரீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவரும் இருக்கவில்லை. நானும் கடைசிவரை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டேன்.