சரஸ்வதி பூஜைத் தாள்

மாசி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, காலை பத்து மணி வாக்கில், என் மனைவி பிஸ்கட் டின்னைத் திருப்பிக் கேட்டாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் சம்பந்தி வீட்டில் எங்கள் பெண்ணுக்கு வளைகாப்பு. பட்சணம் எடுத்துப்போக மூடி இறுக்கமான டின் வேண்டும். ஒன்றரை வருஷமாக என் கார் ஷெட்டில் இருந்த மூன்று டின்களில் அதுதான் பெரியது. வண்டி வேலை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டின் காலி என்றுதான் நினைத்தேன். பழக்கத்தினால் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினேன். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு பொட்டலம் ஒன்று தரையில் விழுந்தது.

தினசரி நாள்காட்டித் தாளில் மடித்த பொட்டலம். பிரித்தால் உள்ளே ஒரு ஸ்பிளிட் பின். கொண்டை ஊசியைச் சின்னதாக்கியது போல இரட்டைக் கம்பி, துரு ஏறியது, முனைகள் தேய்ந்தது. வண்டியில் ஓர் ஆணியோ போல்ட்டோ தன் இடத்தை விட்டு நழுவாமல் இருக்க, அதன் துளையில் இதைச் செருகி முனைகளை மடித்துவிடுவார்கள். இது இல்லாமலும் வண்டி ஓடும். எவ்வளவு தூரம் ஓடும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

டின்னைத் துடைத்து மனைவியிடம் கொடுத்தேன். பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த ஆடி மாதமே, அப்பா வாங்கி, நான் ஓட்டி, பிறகு பன்னிரண்டு வருஷம் ஷெட்டிலேயே நின்றுபோன காரைப் பிரிக்க ஆரம்பித்தேன். அதற்கு முன் பழைய கார்களைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருந்தேன். கழற்றுவதை விடக் குறித்து வைப்பதுதான் முக்கியம் என்று எல்லாமே சொல்லின. அதில் எனக்குப் பயம் இருக்கவில்லை. ஷெட் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிய நாள்காட்டியில் அன்றைய தாளைக் காலையிலேயே கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அன்று கழற்றிய சிறு உருப்படிகளை அன்றைய தாளில் மடித்து டின்னில் போடுவேன். எதை, எங்கிருந்து, எந்த வரிசையில் கழற்றினேன் என்பதை மாலையில் நோட்டில் எழுதுவேன். திரும்பப் பூட்டும்போது நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டே வந்து, அந்தந்தத் தேதிப் பொட்டலத்தைத் தேடி எடுத்தால் போதும். அப்படித்தான் பூட்டினேன்.

இந்தத் தாளின் தேதி சிவப்பு எழுத்தில் இருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துச் சரஸ்வதி பூஜை.

நோட்டைப் புரட்டினேன். அதற்கு முந்தின நாள் இருந்தது. அதற்கு அடுத்து விஜயதசமி. நடுவில் ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கு உடனே தெரிந்தது. அன்று நோட்டும் பேனாவும் பூஜையில் இருந்தன. புத்தக அடுக்கின் மேல் பட்டுத்துணி, துணிக்கு அடியில் என் நோட்டு. பக்கத்தில் பலகையில் ஸ்பேனர்கள், திருப்புளிகள், ஜாக்கி எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு கிடந்தன. எங்கள் வீட்டில் அன்று யாரும் படிக்கமாட்டோம், எழுதமாட்டோம், ஆயுதம் எதையும் தொடமாட்டோம். நான் வேலை செய்திருக்கவே முடியாத ஒரு நாளில் ஒரு பின்னைக் கழற்றி மடித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று அதைவிட மோசமாக இருந்தது. பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடக்கூடாது, புதிதுதான் போட வேண்டும். எத்தனை தேவை என்று நோட்டைப் பார்த்துக் கணக்கிட்டு, புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போய்ச் சரியாக இருபத்திரண்டு வாங்கி வந்தேன். பூட்டி முடித்தபோது கையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. “இருபத்திரண்டும் போட்டாயிற்று” என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். அப்படியானால் இந்தப் பின் கணக்கிலேயே வரவில்லை. வண்டியில் எங்கோ ஒரு துளை வெறுமையாக இருக்கிறது, அந்த வண்டியில்தான் ஞாயிற்றுக்கிழமை ஏழு மாதக் கர்ப்பிணியை மயிலாப்பூருக்குப் பிரசவத்துக்கு அழைத்து வரப்போகிறேன்.

பெண்தான் கேட்டிருந்தாள். பிறந்த ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் வீட்டுக்கு வந்தாளாம். இதற்கும் அதில்தான் வருவேன் என்று கார்த்திகையிலேயே சொல்லிவிட்டாள். அதன் பிறகு எனக்கு வேலை வேகம் பிடித்தது. வேகம் பிடித்தபோதுகூட நோட்டைத் தாண்டி எதையும் செய்யவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அதற்கு முன் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கை வரவழைத்தேன். லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எஞ்சினை இறக்கியதும் ஏற்றியதும், பிரேக்குக்கு எண்ணெய் விட்டுக் காற்று எடுத்ததும் அவர்தான். பின்னை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பழசு சார் இது. இதப் போய் இன்னாத்துக்கு மடிச்சி வெச்சிகினு கீற?”

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றேன். அவர் உடனே சிரிப்பை நிறுத்தவில்லை. கல்யாணத்தில் தாலி கட்ட மறந்தாலும் மறப்பேன், நோட்டில் எழுத மறக்கமாட்டேன் என்று என்னைப் பற்றி ஒர்க்‌ஷாப்பில் பேச்சு உண்டாம். பிறகு, “எண்ணிப் பாத்தியா?” என்றார். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு என்றேன். “அப்ப சரியாத்தான கீது” என்றார். நோட்டை நம்ப அவரையும் நான்தான் பழக்கியிருந்தேன்.

இருந்தாலும் மறுநாள் வந்து வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். இருவரும் அடியில் மல்லாந்து படுத்தோம். நான்கு சக்கரங்கள், ஸ்டீயரிங் மூட்டுகள், கைபிரேக் கம்பி. ஒவ்வொன்றாக நான் சொல்ல அவர் விரலால் தொட்டு “கீது” என்றார். இருபத்திரண்டு முறை “கீது”. இருபத்து மூன்றாவது துளை எங்களுக்கு அகப்படவில்லை. வேறு ஏதோ வண்டியின் பின் தவறி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் ஷெட்டில் வேறு வண்டி நின்றதே இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தனியாக எடுத்துக்கொண்டு அடையாறு வரை போய்வந்தேன். வண்டி நன்றாக ஓடியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஏதாவது ஒன்று ஆடினால், கரகரத்தால், அங்கே கை வைத்துப் பார்க்கலாம். பாலத்தில் இறங்கும்போது முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மிதித்தேன், வண்டி கல்லாக நின்றது. வீட்டுக்கு வந்து கால் மணி நேரம் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து காபி ஆறுகிறது என்றாள். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு வெயில் என்றேன். மாசி மாதத்துக் காலை ஏழே முக்கால் மணிக்கு.

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்தச் சரஸ்வதி பூஜையை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் நாட்கள் வரிசையாக வந்தன. அந்த நாள் மட்டும் வரவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக எழுதி எழுதி, எழுதாததை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கமே எனக்குப் போய்விட்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி கூடத்தில் உட்கார்ந்து டின்னில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து தாளையும் பின்னையும் முன்னால் வைத்தேன். திங்கட்கிழமையிலிருந்து நடந்ததைச் சொன்னேன். ஐந்து நாளாகச் சொல்லாததையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நீங்க வண்டிக்குள்ளே உக்காந்துண்டுதானே சுண்டல் சாப்பிட்டேள்” என்றாள்.

எனக்கு நினைவில்லை.

“தட்டைத் திருப்பிக் கொண்டு வரச்சே ஓரமெல்லாம் கருப்பா கிரீஸ். நல்ல நாளும் அதுவுமா வேலை பண்ணினேளான்னு கேட்டேன். ஆயுதத்தைத் தொடலையே, கையாலேதானேன்னு எங்கிட்டேயே நியாயம் பேசினேள்.”

“கையாலே என்ன பண்ணினேன்னு சொன்னேனா?”

“மிதிச்சா கீச்சு கீச்சுங்கறதுன்னேள். அதுக்கு மேலே நான் கேக்கலை. எனக்கு அந்தத் தட்டைத் தேய்ச்சு மாளலை.”

மிதித்தால். அந்த வார்த்தையோடு முழுவதும் வந்துவிட்டது. தரைத்தகடு எடுத்திருந்த வண்டி, ஓட்டுநர் இருக்கையில் நான், மடியில் தட்டு. சும்மா இருக்க முடியாமல் பிரேக்கை மிதித்துப் பார்த்தது, கீச்சென்ற சத்தம், குனிந்து விரலால் தடவியபோது முனை தேய்ந்த பின் ஒன்று தானாகவே உருவிக்கொண்டு கையோடு வந்தது. சட்டைப் பையில் அன்றைய தாள் இருந்தது.

நோட்டில் ஒரு வாரம் தள்ளி ஒரு வரி உண்டு: “பிரேக் மிதியையும் அடியிலுள்ள கம்பியையும் சேர்க்கும் ஆணியை உருவினேன்.” பின்னைப் பற்றி அதில் இல்லை, ஏனென்றால் பின் அப்போது அங்கே இல்லை. பூட்டும்போது அந்த வரியைப் படித்து ஆணியைச் செருகினேன். மேலே தகட்டை வைத்துத் திருகி, புதுக் கார்ப்பெட்டை விரித்தேன். வண்டிக்கு அடியில் படுத்தாலும் தெரியாத இடம் அது.

அவளும் என்னோடு ஷெட்டுக்கு வந்தாள். கார்ப்பெட்டைச் சுருட்டி, நான்கு திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினேன். அவள் டார்ச் அடித்தாள். ஆணி பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. கம்பியின் முனையிலுள்ள இரண்டு துளைகளில் ஒன்றைத்தான் அது பிடித்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், ஆடியது. இன்னும் நாலைந்து தடவை நன்றாக மிதித்திருந்தால் மிதி வெறுமனே தரைக்குப் போயிருக்கும். நாளைக்கு வரும் வழியில் கத்திப்பாரா மேம்பாலம் இருக்கிறது.

அவள் பிடித்த டார்ச் வெளிச்சம் அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்தார். ஒன்றுக்கு மூன்றாகப் பின் கொண்டு வந்திருந்தார். குனிந்து ஆணியை விரலால் ஆட்டிப் பார்த்தார். “பிரேக்குக்கு எண்ணெ வுட்டவன் நானு. நானும் பாக்கல சார்” என்றார். என்னையே போடச் சொன்னார். ஆணியை உள்ளே தள்ளி, புதுப் பின்னைச் செருகி முனைகளை இரண்டு பக்கமும் மடித்தேன். அவர் இழுத்துப் பார்த்தார். பிறகு மனைவி டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானும் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். ஷெட் கட்டிய நாளிலிருந்து அவள் அந்த வண்டியின் உள்பாகம் எதையும் தொட்டதில்லை.

அவர் போன பிறகு சொன்னாள்: “நாளைக்கு வண்டி வரட்டும். ஆனா ஏறதுக்கு முன்னாடி அவகிட்டே இதை நீங்க சொல்லணும். தெரிஞ்சுண்டு ஏறட்டும். வேண்டாம்னா டாக்சி.”

ஞாயிற்றுக்கிழமை போகும்போது வண்டியில் நானும் மனைவியும்தான். அவள் முன் இருக்கையில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு நங்கநல்லூர் வரை என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வளைகாப்பு நடந்ததில் எனக்கு அதிகம் நினைவில்லை; அதை எழுதவும் இல்லை. கிளம்பும் நேரத்தில், வாசலில் வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, என் பெண்ணிடம் ஆரம்பித்தேன். முழங்கை வரை அவளுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா டின்னைக் கேட்டாள் என்று தொடங்கி, நோட்டு, இருபத்திரண்டு, அடியில் படுத்தது என்று வரிசையாகச் சொன்னேன். எதையும் விட்டுவிடக்கூடாது என்று பயமாக இருந்தது. வியாழக்கிழமைக்கு வந்தபோது அவள் கையைத் தூக்கினாள்.

“அப்பா, தேதியெல்லாம் வேண்டாம். இப்போ போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“நோட்டுல எழுதியாச்சா?”

“இல்லே. இன்னும் எழுதலை.”

“அம்மா பாத்தாளா?”

“டார்ச் பிடிச்சதே அவதான். தொட்டும் பாத்தா.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். காலி டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என் மனைவி தலையசைத்தாள். பெண் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின் இருக்கையில் ஏறினாள். மனைவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சூட்கேசை டிக்கியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

மேம்பாலத்தில் ஏறும்வரை முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் ஹாரன்கள். இறக்கத்தில் மிதித்தேன். வண்டி கட்டுப்பட்டு வேகம் குறைந்தது, பின்னால் வளையல்கள் கலகலவென்று முன்னோக்கிச் சரிந்தன. கிண்டியில் ஒரு சிக்னல், மறுபடி வளையல். அடையாறு வரைக்கும் ஒவ்வொரு மிதிக்கும் அந்தச் சத்தம் வந்தது. மிதித்துவிட்டு அதற்காகக் காத்திருப்பேன். வந்ததும் மூச்சு விடுவேன். மந்தைவெளி தாண்டியபோது சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். மனைவி அவளுடைய இரண்டு கைகளையும் தன் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கைபிரேக்கை இழுத்தேன். தெரு அங்கே சமதளம்தான். வண்டி எங்கும் உருளப்போவதில்லை. மாப்பிள்ளை வந்து பின் கதவைத் திறந்தார். பெண் கண் விழித்து, வந்துவிட்டோமா என்று கேட்டாள். என் கால் இன்னும் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து மனைவியின் கை என் தோளில் பட்டது.

“வந்தாச்சு. காலை எடுங்கோ.”