டிராயிங் சீட்டும் எங்கப்பாவின் சந்தைப் புத்தியும்

எங்கப்பாவுக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் வேண்டும் என்று கேட்க வாய் வராது. காப்பி வேண்டுமென்றால், "மாடு கறந்தாச்சா?" என்பார். வெந்நீர் வேண்டுமென்றால், "அடுப்பு எரியுதா?" என்பார். அம்மாவுக்கு அது பழகிப்போய்விட்டது. கேள்வி முடிவதற்குள் டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "காப்பி வேணும்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமாப்பா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "வெயில் ஏறிருச்சாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்.

இந்தக் குணம் மாட்டுச் சந்தையில் வந்தது. வெண்ணந்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காடும் ஒரு கிணறும் இருந்தன. விவசாயம் போக, சுற்றுவட்டாரத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் அப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். வாங்க நினைத்த மாட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் நோஞ்சானின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார், அதன் நடையைப் புகழுவார், இன்னொன்றின் திமிலைத் தடவுவார். எல்லாம் முடிந்து கிளம்புகிற சமயத்தில், "இதென்னுங்க, சும்மா கட்டியிருக்கறதா, குடுக்கறதா?" என்று நல்ல மாட்டைக் காட்டிக் கேட்பார். ஆசையைக் காட்டினால் விலை ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. அதற்காக ஊரில் அவருக்கு நல்ல மரியாதை. மாட்டோடு நிறுத்தியிருந்தால் நானும் மரியாதை கொடுத்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பத்தாவது தேறினேன். நல்ல மார்க். மேலே என்ன படிப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அதற்கு முந்தின வருஷம் கிணற்று லோன் விஷயமாக அப்பாவோடு யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அம்மா, சாய்வான பெரிய மேஜையில் காகிதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். மேஸ்திரியும் காண்ட்ராக்டரும் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்கள். "இந்தச் சுவரு இங்க வரக்கூடாது" என்று அந்த அம்மா பென்சிலால் ஒரு கோடு போட்டார். இரண்டு ஆம்பிளைகளும் "சரிங்கம்மா" என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை பேச்சுக்கு ஆம்பிளைகள் அப்படிச் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தப் படிப்புக்கு டிராப்ட்ஸ்மேன் என்று பெயர், சேலத்து ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் சொல்லித் தருகிறார்கள் என்று அந்த அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பிடித்த ஆசை.

ஐ.டி.ஐ. பாரத்தை நானே நிரப்பினேன். விரும்பும் தொழிற்பிரிவு என்று மூன்று கட்டம் இருந்தது. அதை மட்டும் விட்டு வைத்தேன். டிராப்ட்ஸ்மேனிலேயே சிவில், மெக்கானிக்கல் என்று இரண்டு இருந்ததால் திங்கட்கிழமை வாத்தியாரிடம் கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். யாரோ ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்று அப்பா பாரத்தை ராசிபுரத்துக்கு எடுத்துப் போனார். கையெழுத்து வாங்கி, மனு எழுதுகிறவரிடம் கட்டங்களையும் நிரப்பச் சொல்லி, தபாலிலும் சேர்த்துவிட்டு வந்து நின்றார்.

"என்னன்னு எழுதுனீங்க?" என்றேன்.

"மொதல்ல தையலு. ரெண்டாவது டைப்பு, சார்ட்டேண்டு. உன்ற படம் வரையறதை மூணாவதா வெச்சிருக்குது. பயப்படாத சாமி."

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. "ஏனுங்ப்பா இப்பிடிப் பண்ணுனீங்க? எனக்கு வேணுங்கறதை மொதல்லதான எழுதோணும்?"

"அதான் உனக்குத் தெரியல. மொதக் கட்டத்துலயே அதை எழுதுனா அவனுங்க உசாராயிருவானுங்க. இதுக்கு அடிபோடறாங்கன்னு தெரிஞ்சா இல்லேம்பானுங்க. ரெண்டு மட்டமானதை முன்னால காட்டி, மூணாவதா நம்ம சாமானை ஏனோதானோன்னு வெக்கோணும். தானாக் கைக்கு வரும்."

"அது பாரமுங்ப்பா. மாடில்லீங்க."

"குடுக்கறவன் வாங்கறவன்னு ஆயிட்டா அல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, "அடுப்பு எரியுதா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். அம்மா வெந்நீர் எடுத்து வைத்தாள். எனக்கு அதை அண்டாவோடு அவர் தலையில் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது.

ஒரு மாதத்தில் கார்டு வந்தது. கட்டிங் அண்ட் டெய்லரிங் பிரிவில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. என் மார்க்குக்கு முதல் கட்டத்தில் எதை எழுதியிருந்தாலும் அது கிடைத்திருக்கும். அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது வருத்தமில்லை, அதிர்ச்சி. "மொதல்ல கேட்டதையே எடுத்துக் குடுத்துட்டானா?" என்றார். "கேட்டதைக் கேட்டபடி குடுக்கறவனும் ஒரு யாவாரியா?"

இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுதேன். ஒறம்பரைச் சொந்தங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். தையல் என்றால் கட்டிக்கொடுக்கிற ஊட்டில் இருந்துகொண்டே தைக்கலாம், பொட்டப்புள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். தையலை நான் கேவலமாகச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் போகாவிட்டால் அதுவும் இல்லையென்று ஆகிவிடுமே என்று போய்ச் சேர்ந்தேன்.

சேலம் பஸ்ஸில் காலையில் நிற்க இடமிருக்காது. ஐ.டி.ஐ. பையன்கள் காக்கிச் சட்டையும் கிரீஸ் நாற்றமுமாகப் படியில் தொங்குவார்கள். அதில் டிராப்ட்ஸ்மேன் டிராயிங் படிக்கிற பயல்கள் மட்டும் கையில் கோடு போடுகிற நீளமான டி-ஸ்கொயரை வைத்துக்கொண்டு ஏறி, போகிற வருகிறவர்களின் கண்ணைக் குத்துவார்கள். "தம்பி, அந்தக் கட்டையை மடக்குடா" என்று கண்டக்டர் தினமும் கத்துவார். அது மடங்காது. ஒருநாள் ஒருத்தன் அதை என்னிடம் கொடுத்து, "கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்றான். இறங்கும் வரை பிடித்துக்கொண்டே வந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பயல் மிரண்டு போனான்.

தையல் வகுப்பில் இருபது பேர். முதல் வாரம் நூலே கோக்காத மிஷினில் கோடு போட்ட காகிதத்தை வைத்து ஓட்டச் சொன்னார்கள். கோட்டின் மேலேயே ஊசி ஓட்டை விழ வேண்டும். என் ஓட்டைகள் அவைபாட்டுக்கு ஒரு பக்கம் போகும். அப்புறம் காஜா. ஒரு துண்டுத் துணியில் பன்னிரண்டு காஜா எடுத்துக் காட்ட வேண்டும். டீச்சரம்மா என் காஜாவுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இதுல பட்டன் போடறதா, பூசணிக்காய் போடறதா?" என்பார். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வேப்ப மரத்தடியில் டப்பாவைத் திறக்கும்போது, நான் மட்டும் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் டிராயிங் ஹால் ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். வரிசையாக உயரமான மேஜைகள். எல்லாவற்றிலும் ஆம்பிளைப் பயல்கள். பாதிப்பேர் மேஜை மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தூங்குமூஞ்சிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஐந்தாவது வாரம் அதில் ஒரு மேஜை காலியாயிற்று. திருச்செங்கோட்டுப் பையன் ஒருத்தன், மாமன் கூப்பிட்டார் என்று ரிக் லாரியில் போர்க்கிணறு போட வடநாட்டுக்குப் போய்விட்டானாம். கேள்விப்பட்டதும் நான் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு பிரின்சிபால் ரூமுக்கு ஓடினேன். அவர் கறாரான மனுஷன். ஆனால் காது கொடுத்துக் கேட்டார். என் மார்க்கைப் பார்த்தார். பாரத்தையும் எடுத்துப் பார்த்தார்.

"தையல்தான் வேணும்னு உங்கப்பாதான மொதல்ல எழுதியிருக்காரு?"

"தப்பா எழுதிட்டாருங்க சார்."

"அப்படின்னா அவரே நேர்ல வந்து, மாத்திக்குடுங்கன்னு கேட்டுக் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. இன்னொருத்தரும் இந்த சீட்டுக்கு நடையா நடக்கறாரு."

வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சந்தைக்குப் போகிற அதே உடுப்பு. அதைப் பார்த்ததுமே எனக்குக் கலக்கம்தான். பஸ்ஸில் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். "எம்புள்ளைக்கு டிராயிங் சீட்டு வேணுமுங்கன்னு சொல்லோணும். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது." அவர் ஜன்னல் வழியாகச் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு, "செரி, செரி" என்றார்.

பிரின்சிபால் ரூமுக்கு வெளியே பெஞ்சில் சூரமங்கலத்து ரயில்வே ஊழியர் ஒருவர் தன் மகனோடு உட்கார்ந்திருந்தார். கையில் பைல் கட்டு. இன்னொருத்தர் என்று பிரின்சிபால் சொன்னது அவரைத்தான். எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

"சொல்லுங்க பெரியவரே. என்ன வேணும்?" என்றார் பிரின்சிபால்.

அப்பா உட்கார்ந்தார். உத்தரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "கட்டடம் நல்லா இருக்குதுங்க. எப்பக் கட்டுனது?"

நான் மேஜைக்குக் கீழே அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"பொண்ணு ஏதோ டிராயிங் கேக்குதே" என்று பிரின்சிபாலே எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வார்?

"புள்ளைங்க ஆயிரம் கேக்குமுங்க. தையலும் ஒண்ணும் மோசமில்லீங்க. டீச்சரம்மா நெம்ப நல்லாச் சொல்லித் தர்றாங்களாமா. அந்தப் படம் வரையறது பொட்டப்புள்ளைக்கு ஒத்து வருமுங்களா? கண்ணுக்குக் கெடுதல்ங்கறாங்க."

என் உயிர் என்னிடம் இல்லை. பிரின்சிபால் முகம் சிவந்துவிட்டது. "இங்க பாருங்க, வெளிய ஒருத்தர் காத்துட்டு இருக்காரு. உங்க பொண்ணு இங்கயே படிக்கறதால உங்ககிட்ட மொதல்ல கேக்கறேன். வேணுமா, வேண்டாமா?"

அப்பா எழுந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. இது சந்தையில் கடைசி வேலை. எல்லாம் பேசி முடித்து, எதிராளி படியாமல் நின்றால், வேண்டாம் என்று துண்டை உதறிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். பத்து எட்டு வைப்பதற்குள் மாட்டுக்காரன் பின்னாலிருந்து கூப்பிடுவான். அட பாவி மனுஷா, இங்கே யார் கூப்பிடப் போகிறார்கள்?

பிரின்சிபால் மணியடித்தார். "அந்த சூரமங்கலத்துக்காரரை வரச் சொல்லு."

"சார், ரெண்டே நிமிஷமுங்க சார்" என்று கெஞ்சிவிட்டு வெளியே ஓடினேன். அப்பா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், ரூமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி ரோட்டைப் பார்த்தார். நான் கிட்டே போனதும், திரும்பாமலேயே கேட்டார்.

"கூப்புட்டாங்களா?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் திட்ட வந்த வார்த்தை நின்றுபோயிற்று. அவர் பதறிக்கொண்டிருந்தார். வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தார். இந்த மனுஷனுக்கு இந்தச் சீட்டு என்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கோபம் அப்படியேதான் இருந்தது. விளக்கம் சொல்ல நேரம்தான் இல்லை.

"கூப்புட்டாங்கப்பா" என்றேன். "உங்களை எப்பிடியாச்சும் கூட்டியாரச் சொன்னாரு."

அவர் உடனே திரும்பவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் ரோட்டைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

உள்ளே சூரமங்கலத்துக்காரர் பைலைப் பிரித்து மேஜையில் வைத்திருந்தார். அப்பா அவரைப் பார்க்காத மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கூப்புட்டீங்களாமா" என்றார்.

பிரின்சிபால் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டேன். வாயைத் திறந்தால் கத்தி அழுதுவிடுவேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார் கடைசியில். "நான்தான் கூப்பிட்டேன்." எதிரே இருந்த பைலை மூடி சூரமங்கலத்துக்காரரிடம் தந்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை அப்பா பக்கம் தள்ளினார்.

அப்பா பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றினார். "இத்தனை தூரம் நீங்க சொல்லும்போது மறுக்க முடியுங்களா?" என்று சொல்லிக்கொண்டே, பிரின்சிபாலுக்கு ஓர் உபகாரம் செய்கிற மாதிரி, என் டிராயிங் சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.