ஹட் பேக்கு வந்த எம்.பி.

எழுபதுகளில் ஹட் பே என்ற தீவுத் துறைமுகத்தில் நான் அரசாங்க ஸ்டோர்கீப்பராக இருந்தபோது, குடியேறியவர்களின் குறைகளைக் கேட்க மெயின்லேண்டிலிருந்து ஒரு தமிழ் எம்.பி. வந்தார். சுதந்திரப் போராட்டத்தில் பல வருஷம் சிறையில் இருந்தவர் என்றார்கள். கதர் ஜிப்பா, மெலிந்த உடம்பு, பஞ்சு போல நரைத்த தலை. யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அரசாங்கச் செலவில் தீவு பார்க்க வந்தவர் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு வங்காளிப் பெண், கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை என்று ஹிந்தியில் சொல்லி அழுதாள். மொழிபெயர்க்கக் கூட வந்த எங்கள் தமிழ் அதிகாரி, "எல்லா வசதியும் கெடைச்சதுன்னு ஆனந்தக் கண்ணீர் விடுறாங்க சார்" என்றார். எம்.பி. அதற்கும் தலையாட்டினார்.

சாயங்காலம் எம்.பி.யின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஜெட்டிக்குப் போனேன். அங்கே கப்பல் சிப்பந்தியிடம் அவர் சரளமாக ஹிந்தி பேசியதைக் கேட்டுத் திடுக்கிட்டேன்.

"ஐயாவுக்கு ஹிந்தி தெரியுமா?"

"வடக்க ஜெயில்ல இருந்தப்ப கத்துக்கிட்டது, தம்பி."

"அப்ப அந்தம்மா சொன்னது..."

"எல்லாம் புரிஞ்சுது. அங்கேயே நான் கேட்டிருந்தா, என் கப்பல் கெளம்பினதும் அந்தம்மாவத்தான இந்த அதிகாரிங்க பிடிப்பாங்க?"

அரசியல்வாதிக்குப் பதில் சொல்லவா தெரியாது என்று எண்ணிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் அந்தக் குடியிருப்புக்கு மேட்டுப்பக்கம் புதுக் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது. எல்லாம் தன் முயற்சி என்று அதிகாரி சொல்லிக்கொண்டார். எம்.பி. யாரிடமாவது பேசினாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால், ஏன் குறை சொன்னாய் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.