சிசிலிக்கு வேண்டிய நாற்பது பேர்

தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின், தேயிலைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் முப்பது குழந்தைகளை ஒற்றை ஆளாகச் சமாளித்தவள் சிசிலி. அவள் ஓர் அதட்டல் போட்டால் முப்பதும் வாயை மூடும். எதிர்மலையில் நிற்கும் கங்காணிகூட வாயிலிருந்து பீடியை எடுத்துவிடுவார். அப்படிப்பட்டவளால் 1978இல் நாற்பது பெரியவர்களை ஓரிடத்தில் உட்காரவைக்க முடியவில்லை. குழந்தைகளுக்கு இருக்கிற புத்தி பெரியவர்களுக்கு எங்கே இருக்கிறது?

விஷயம் இதுதான். செக்ரோல் என்கிற வேலைப் பதிவில் பேர் இருப்பவர்களுக்குத்தான் தோட்டத்தில் மருந்து. சிசிலியின் புருஷன் லியனார்ட் பதினெட்டு வருஷம் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் தூசியைத் தின்று இழுப்பு வாங்கிக்கொண்டவர். இழுப்போடு முடியாமல் வேலையை விட்டார். உடனே பேரை வெட்டினார்கள், அதோடு மருந்தையும் நிறுத்தினார்கள். வேலை கொடுத்த நோய்க்கு வேலையில் இருந்தால்தான் மருந்து என்று சட்டம் எழுதிய மகானை, ஒரு வாரம் சிசிலியின் பிள்ளைக்காம்பராவில் சேர்த்திருக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் இரண்டு தடவை லியனார்டுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அடுத்த மழையை அவர் தாண்டமாட்டார் என்று சிசிலிக்குப் பட்டது. அந்த நேரத்தில்தான் ராகலைப் பக்கம் இருந்த அரசாங்க டாக்டர் தம்பிராசா, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு வழி சொன்னார். செக்ரோலில் இல்லாத நாற்பது பேர் ஒரு தோட்டத்தில் பதிந்தால், மாதம் ஒருமுறை மருந்து வான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே வரும்.

சிசிலி பேர் எழுத ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக இறங்கினாள். அங்கேதான் பிடித்தது சனி. ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் கொப்பியோடு பேர் கேட்டு வருகிறவர் யாரானாலும் சனங்களுக்கு ஒரே அர்த்தந்தான்: இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றப்போகிறார்கள். படார் படாரென்று கதவுகள் அடைபட்டன. பாதிப் பேர் தேயிலைக்குள் பாய்ந்தார்கள். சிவசாமி விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்தார். அவர் தொப்பை ஒளிய மறுத்தது.

“மருந்துக்குத்தான் பேரு கேக்குறேன், வேலாயி அக்கா!”

“போ புள்ள! எங்க அண்ணன்கிட்டயும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே பேரு கேட்டாங்க. ராமேஸ்வரத்துல கொண்டுபோய் எறக்கிவிட்டுட்டாங்க.”

ஆனாலும் கதவுக்குப் பின்னாலிருந்து சிலர் ஏதேதோ கத்தினார்கள். கத்தியதையெல்லாம் எழுதிக்கொண்டு, பதினொரு பேர் எழுதிய கொப்பியோடு அவள் டாக்டரைப் பார்க்கப் பஸ் ஏறினாள்.

டாக்டர் கொப்பியைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதென்ன பிள்ளை? மூண்டு பேருக்கு நூத்திப்பத்து வயசு. சின்னராசா எண்டவர் அஞ்சு லயத்திலை இருக்கிறார். மீனாட்சிக்கு வயசு நாலு, பெத்தது ஏழு எண்டு கிடக்கு.”

சிசிலிக்கு அப்போதுதான் உறைத்தது. “அது வேலாயி அக்காவோட ஆடுங்க ஐயா.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நானே வாறன். நாப்பது ஆக்கள், உயிரோடை, என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்கவேணும். இல்லாட்டி வான் வட்டகொடைப் பக்கம் போயிடும், நான் ஒண்டும் செய்யேலாது.”

திரும்பி வரும் வழியெல்லாம் சிசிலி யோசித்தாள். இந்தச் சனம் எதற்குத்தான் ஒன்றாக வரும்? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குச் செக்ரோல்காரர்தான் வருவார்கள். கல்யாணமென்றால் வெற்றிலை வைத்து அழைக்கவில்லை என்று பத்து வீடு முறுக்கிக்கொள்ளும். சாவுக்குத்தான் யாரும் அழைக்க வேண்டாம். தலைமுறைப் பகையாளியும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் முடிவு செய்துவிட்டாள்.

“நான் சாகணுமா?” என்றார் லியனார்ட்.

“பத்து மணியிலேருந்து பதினொன்னு வரைக்குந்தாங்க.”

“முடியவே முடியாது.”

“எந்திரிச்சதும் கோழிக்கறி.”

லியனார்ட் கொஞ்ச நேரம் கூரைத் தகரத்தைப் பார்த்தார். “வெள்ளைச் சட்டை வெளுத்து இருக்கா?”

ஞாயிறு காலை மாதா கோயில் உபதேசியார் பத்திநாதனிடம் சிசிலி ஓடினாள். துக்க மணி அடிப்பது அவர்தான். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் போனாள். ஆனால் அந்த நீலம் பாரித்த உதடு கண்ணுக்குள் வந்ததும் நிஜமாகவே அழுகை பொங்கிவிட்டது.

“எங்க வீட்டுல…” என்றாள். அதற்குமேல் வரவில்லை.

பத்திநாதனும் கேட்கவில்லை. லயத்துப் பெண்கள் யாரும் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். அவருக்கு அதுவே போதும். சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

ஒற்றை ஒற்றையாக மணி விழ, தேயிலைக்குள்ளிருந்தும் விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்தும் சனம் வந்தது. கால்மணி நேரத்தில் வாசல் கொள்ளவில்லை. வேலாயி தலையை விரித்துப்போட்டு ஒப்பாரியைத் தொடங்கினாள்: “கொழுந்துக்கூட தூக்கிவிட்ட கொணசாலி போனீரோ!” லியனார்ட் தன் ஆயுளில் யார் கூடையையும் தூக்கிவிட்டதில்லை. அவர் வயிறு லேசாகக் குலுங்கியது. நல்லவேளை, மாலை மறைத்தது.

சொன்னபடி பத்தரைக்கு டாக்டர் வானில் வந்தார். சாவு வீட்டைப் பார்த்துத் திகைத்தவர், தொழில் பழக்கத்தில் குழாயைக் காதில் மாட்டிப் பிரேதத்தின் நெஞ்சில் வைத்தார். வேலாயி ஒப்பாரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“இந்தப் பிரேதத்துக்கு இழுப்பு இருக்கு,” என்றார் தம்பிராசா.

லியனார்ட் ஒரு கண்ணைத் திறந்தார். சிவசாமி “ஆண்டவரே!” என்று பத்திநாதன்மேல் சாய்ந்தார். வேலாயிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அடிப் பாவி! தொண்டத்தண்ணி வத்த அழுதேனே! வெளையாட்டா ஒனக்கு?”

பிள்ளைக்காம்பராவில் கேட்கிற அதே குரல் எழும்பியது.

“ஆமாக்கா, வெளையாட்டுத்தான்! அடுத்த மழைக்கு நெசமாவே மணி அடிக்கும், அப்பவும் வருவீங்க. இவுங்க செத்தா நூறு பேரு வர்றீங்க. உசுரோட மூச்சு விடணும்னு நாப்பது பேரு கேட்டேன், ஆட்டோட பேரக் குடுக்குறீங்களே!”

அழுத கண்ணோடு கோபப்படுவது லேசான காரியமா? வேலாயி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு டாக்டரின் முன்னால் போய் நின்றாள்.

“எழுதிக்குங்க. வேலாயி. வயசு அம்பத்தெட்டு. கப்பல்ல ஏத்துனா இந்தச் சிசிலியயும் சேத்து ஏத்தணும், சொல்லிட்டேன்.”

பிறகு வரிசை தானாக நின்றது. சிவசாமி, ஒரே வீட்டில் குடியிருக்கும் ஒரேயொரு சின்னராசா என்று வாசலில் போட்ட மேசையில் டாக்டர் எழுதிக்கொண்டே போனார். மற்றவர்கள் செக்ரோல்காரர்கள்; முப்பத்தொன்பதில் வரிசை தீர்ந்தது.

“இன்னும் ஒண்டு வேணும்.”

கழுத்தில் சாவு மாலையோடு லியனார்ட் எழுந்து வந்தார். பேர் சொல்ல வாயைத் திறந்தார். இவ்வளவு நேரம் அடக்கி வைத்த சிரிப்பு முந்திக்கொண்டது. சிரிப்பு இருமலானது, இருமல் இழுப்பானது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தார். பேர் சொல்லச் சத்தம் வரவில்லை.

டாக்டர் வானிலிருந்து மருந்தெடுத்துவர ஆள் அனுப்பிவிட்டுச் சிசிலியைப் பார்த்தார். “ஆளின்ரை பேர்?”

“லியனார்ட்!” என்றாள் சிசிலி.

எதிர்மலைவரை கேட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த லியனார்ட் தலையைத் தூக்கி அவளையே பார்த்தார். டாக்டர் நாற்பது என்று போட்டு அதற்கு நேரே அந்தப் பேரை எழுதினார்.