தன் புகையைத் தானே ஊதும் வண்டி

"ஏம்மா, லாரில இருக்கற டர்போ பைக்ல இருக்குதுன்றியே, பில் போட்டுக்கினே தூங்கிட்டியா?"

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் கார் சர்வீஸ் சென்டரின் சூப்பர்வைசர் இப்படிக் கேட்டபோது, டீ கிளாஸோடு நின்றிருந்த மூன்று மெக்கானிக்குகளும் சிரித்தார்கள். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை முன்மேசையில் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டார்கள். வொர்க்‌ஷாப்புக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டிருந்தேன். முதல் முறை, "பாக்கலாம்." இரண்டாம் முறை, "நகத்துல கிரீஸ் ஏறுனா போவாதும்மா."

மூன்றாம் முறை கேட்கப் போனபோதுதான், வீட்டில் டர்போ வைத்த ஒரு பழைய பைக்கைப் பிரித்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. போனில் படத்தைக் காட்டினேன். சூப்பர்வைசர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சரி. இந்தத் துருவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டு. மறுநாளே உன்ன வொர்க்‌ஷாப்ல வுட்றேன். பண்ண முடியலன்னா இந்தப் பேச்ச அத்தோட வுட்டுடணும்."

"சரிங்க சார்" என்றேன். யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த வண்டி எங்களிடம் வந்ததற்கு அம்மாவின் வாய்தான் காரணம். அம்மா பொம்மையார்பாளையத்தில் கடலோர விருந்தினர் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். எப்போதோ வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன பைக், அங்கே பின்கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. விடுதிக்கார அம்மா கொட்டகையை இடிக்க முடிவு செய்து, அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். "இன்னாத்துக்கு மேடம் போடறீங்க? இதுக்குத்தான எம்பொண்ணு படிச்சிருக்கறா" என்று சொல்லிவிட்டாள் அம்மா. நான் என்ன படித்தேன் என்று அவளுக்கு அதுவரை சரியாகத் தெரியாது.

குட்டியானை வண்டியில் ஏற்றி கிளியனூருக்குக் கொண்டுவந்தோம். ஆடு கட்டும் சாய்ப்பில் இறக்கினோம். ஆடு வாசலுக்குப் போனது. கடற்காற்று தின்றதுபோக மிச்சமிருந்ததை டீசலால் கழுவியபோது, இன்ஜினுக்குப் பின்னால், அடியில் நத்தைக் கூடு போல ஒரு இரும்பு உருண்டை தெரிந்தது. டர்போ. எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் கொஞ்ச காலம் மட்டும் பைக்கில் டர்போ வைத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று எங்கள் ஆட்டுச் சாய்ப்பில் நின்றது.

"அது இன்னா பண்ணும்?" என்று அம்மா கேட்டாள். சைலன்ஸருக்குப் போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் என்று விளக்கினேன்.

"அப்ப அடுப்புப் பொகையே அடுப்ப ஊதிக்குது."

மூன்று வருடம் டிப்ளமோவில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

டர்போவின் தண்டு இறுகிப்போயிருந்தது. பதினொரு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தினமும் வேலை முடிந்து வந்து விரலால் திருகிப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் அசைந்தது. உள்ளே தண்டைத் தாங்கும் வளையங்களான இரண்டு புஷ்களும் தேய்ந்திருந்தன. அளவெடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு பஸ் ஏறினேன். பட்டறைக்காரர் என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு வரைஞ்சது?" என்றார். "நான்தான்." "அளவு தப்பா இருந்தா நான் பொறுப்பில்ல." "இருக்காதுங்க." இருக்கவில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

இன்ஜினையும் கார்புரேட்டர்களையும் கழுவி முடிக்கும்போது ஆயுத பூஜை வந்தது. அப்பா திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் அவருடைய மூட்டைக் கொக்கி, வெட்டுக் கத்தி, என் புத்தகங்கள், இவ்வளவுதான் இருக்கும். என் புத்தக அடுக்கு வருஷா வருஷம் உயரும். இந்த வருடம் அதன் பக்கத்தில் கோணிப்பை விரித்து இன்ஜின் பாகங்களையும் ஸ்பேனர்களையும் வரிசையாக வைத்தோம். சந்தனம், குங்குமம், சூடம், பொரி. அப்பா தன் போனில் படமெடுத்துக்கொண்டே இருந்தார்.

பூஜைக்கு அடுத்த வாரம் எல்லாவற்றையும் துடைத்து மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசரை வரச் சொன்னேன்.

டர்போவில் ஒரு விஷயம் முக்கியம். அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்ற வேண்டும். எண்ணெய் போகாமல் ஓடினால் புஷ் தீய்ந்துவிடும். அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்து, இன்ஜினைச் சும்மா சுற்றவிட வேண்டும். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி வருகிற குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும். குழாயைக் கழற்றி, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் விட்டும் வைத்திருந்தேன்.

ஆனால் சூப்பர்வைசர் வந்து, அம்மா கொடுத்த அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே, "இன்னாம்மா, ஆவுமா ஆவாதா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சும்மா சுற்றுகிற வேலையெல்லாம் எதற்கு என்று நேராகவே சுவிட்சை அழுத்தினேன்.

இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. சாய்ப்பின் தகரம் அதிர்ந்தது. ஆடு கத்தியது. அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். சூப்பர்வைசர் கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்.

நான் பாட்டிலைப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை.

இன்னும் அரை நிமிடம் ஓடவிட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. பந்தயம் ஸ்டார்ட் ஆவதற்குத்தானே. கை தானாகப் போய் சுவிட்சை அணைத்தது.

"ஏம்மா! ஓடறத ஏன் நிறுத்துன?"

"டர்போவுக்கு ஆயில் போவல சார்."

கைதட்டல் நின்றுபோனது. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவருகிற மேல் குழாயைக் கழற்றினேன். குழாயில் எண்ணெய் இருந்தது. டர்போவின் உச்சியில், ஒரு சேமியா மட்டும் நுழைகிற அளவிலான அந்த ஓட்டையில், வெளிர் மஞ்சளாக ஏதோ சுண்ணாம்பு போல அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

"ப்பா! நீதான வெச்ச? பொட்டு வெக்கறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

"நான் கொக்கிக்கும் கத்திக்கும்தாம்மா வெச்சேன். உன் சாமானத்த நான் தொட்டனா?"

"பின்ன ஆடு வந்து வெச்சுதா?"

அப்பா போனை எடுத்து சூப்பர்வைசரிடம் நீட்டினார். அவர் பூஜைப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"ஏம்மா, உங்கப்பா செவப்பு நெயில் பாலிஷ் போடுவாரா?"

படத்தில் என் விரல். வட்டமான டர்போவின் உச்சியில், நெற்றியின் நடுவே வைப்பது போலக் கச்சிதமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறது. பிறகு துடைக்கும்போது மேலே இருந்ததை மட்டும் துடைத்துவிட்டு, உள்ளே போனதை அப்படியே அழுத்தியிருக்கிறேன். அம்மா சிரித்த சிரிப்பில் ஆடு மறுபடி கத்தியது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இருக்கட்டும், சாமி சந்தனம்தான" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சுக்கப்பா" என்றேன். "போ, வேலையப் பாரு."

டர்போவைக் கழற்றி டீசல் பீச்சினேன். கரையவில்லை.

"சந்தனத்துக்கு இன்னாத்துக்குடி டீசலு? வெந்நீர் ஊத்து" என்றாள் அம்மா.

வெந்நீரில் இரண்டே நிமிடத்தில் இளகியது. பிரேக் ஒயரின் ஒற்றை இழையை விட்டு மீதியை எடுத்தேன். பிறகுதான் பயம் வந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடியதில் புஷ் கெட்டிருக்குமா? பிரித்துப் பார்த்தேன். மாட்டும்போது கையால் தடவிய எண்ணெய் காப்பாற்றியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. தண்டை விரலால் சுண்டினேன். சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

சூப்பர்வைசர் கிளம்பவில்லை. சாப்பாடும் எங்கள் வீட்டிலேயே, கருவாட்டுக் குழம்பு. நன்றாகக் காயவைத்து எல்லாவற்றையும் மாட்டி முடிக்க நாலு மணி ஆனது. இந்த முறை பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் சொட்டு விழுந்தது. கொஞ்சம் வெளுப்பாக. அடுத்தது சுத்தமாக. பிறகு நூல் பிடித்தது போல ஒழுகியது.

ஸ்டார்ட் செய்து முறுக்கினேன். இன்ஜின் சத்தத்துக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில் எழுந்தது. அம்மா என் தோளைத் தட்டி, "ஊதுதுடி!" என்றாள்.

வண்டிக்குப் பேப்பர் எதுவும் இல்லை. ரோட்டில் ஓட்ட முடியாது. எனக்கு அன்று ரோடு தேவைப்படவும் இல்லை.

சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நாளைக்கு மாத்தச் சொல்லி லெட்டர் குடு. வொர்க்‌ஷாப்புக்கு வரும்போது சந்தனம் மட்டும் எடுத்துக்கினு வராத."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே லெட்டரைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். வொர்க்‌ஷாப் உடையில் இருந்ததிலேயே சின்ன அளவு, என் காலுக்கு ஒரு முழம் நீளம். மதியம் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற டெய்லரிடம் கொண்டுபோய் வெட்டித் தைத்தாயிற்று. வெட்டிய துணியையும் விட்டுவிடவில்லை. கழற்றி வைக்கிற டர்போக்களின் ஓட்டைக்குள் எதுவும் போகாமல் மேலே மாட்ட, நாலு சுருக்குப்பை தைத்து வாங்கிவிட்டேன்.